பகை நாட்டை அடுத்தவர் கையில் கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

கற்பனையில் ஒரு பேரரசைக் கட்டுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ரோல்பிளே விளையாட்டுக்குப் புதியவர்களும் வந்திருப்பதால் முதலில் இரண்டு வரி. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு கதையைச் சேர்ந்து நடத்திக்கொண்டு போவதுதான் இந்த விளையாட்டு. பாத்திரங்களைச் சுற்றியுள்ள உலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கேம் மாஸ்டர். பல வருடமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவன் நான்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பேரரசை நீங்கள் படைத்தால் அதன் பகை நாட்டையும் நீங்களே படைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என் முதல் பேரரசை நான் தனியாகத்தான் எழுதினேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க அரச வம்சம், போர்கள், நாணயம், கொடி என்று எல்லாம் இருந்தது. வடக்கே ஒரு பகை நாடும் இருந்தது. கொடூரமானவர்கள், ஓயாமல் படையெடுத்து வருகிறவர்கள். ஏன் வருகிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்றாவது வாரம் ஆட்டத்தில் ஒரு நண்பரின் பாத்திரம் எதிரிப் படைவீரன் ஒருவனைப் பிடித்துவிட்டது. கொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உட்கார்ந்து, “ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு ஊரே கிடையாது. என் பேரரசு நல்லதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எதிரே நிறுத்தி வைத்த பொம்மை அவன்.

பொம்மை என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1826 ஜூனில் இங்கிலாந்தின் ஹாவர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் தன் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பின்னாளில் நாவல்களால் புகழ்பெற்ற பிரான்டி சகோதரிகளின் குடும்பம். வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் சார்லட்டுக்கு 10 வயது, கடைக்குட்டி ஆனுக்கு 6. ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டார்கள். சார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள். தம்பி பிரான்வெல் தன்னுடையதற்கு போனபார்ட் என்று வைத்தான். வெலிங்டன் போனபார்ட்டைத் தோற்கடித்த வாட்டர்லூ போர் முடிந்து அப்போது 11 ஆண்டுதான் ஆகியிருந்தது. முதல் நாளே பகை பிறந்துவிட்டது, அதுவும் இன்னொருவர் கையில். அதிலிருந்து வளர்ந்ததுதான் அங்க்ரியா என்ற அவர்களுடைய கற்பனைப் பேரரசு. சிப்பாய்கள் கையில் பிடித்துப் படிக்கிற அளவுக்குக் குட்டிக் குட்டிப் புத்தகங்களாக அதன் செய்திகளை எழுதினார்கள். பின்னால் இன்னொரு தங்கை எமிலியும் ஆனும் பிரிந்துபோய் காண்டல் என்று தங்களுக்கென ஒரு உலகத்தை உண்டாக்கினார்கள். 1845இல் அந்த இரண்டு பேரும் யார்க் நகரத்துக்குப் பயணம் போனபோது, வழியெல்லாம் காண்டலின் இளவரசர்களாகவும் இளவரசிகளாகவும் நடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எமிலிக்கு அப்போது 26 வயது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டை வெளியிடுவதற்கு 129 ஆண்டு முன்னால் நடந்தது இது. நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான், பகடை மட்டும் கூடுதல்.

இனி எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகம் தோற்ற பிறகு, புது உலகத்தை எல்லோரும் சேர்ந்தே படைப்பது என்று முடிவு செய்தோம். பேரரசு என் பங்கு. மாறாநாடு என்று பெயர் வைத்தேன். அங்கே பேரரசர் சாவதே இல்லை. மரத்தில் செதுக்கிய முகமூடி அணிந்திருப்பார். உள்ளே இருக்கும் ஆள் இறந்தால் வேறொருவர் புது முகமூடியோடு வந்து உட்காருவார். பெயரும் அதே, முகமும் அதே. மக்களைப் பொறுத்தவரை முந்நூறு வருடமாக ஒரே பேரரசர்தான் ஆள்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இதோடு வேலை முடிந்தது என்றுகூட நினைத்தேன்.

மலைநாட்டை ஒரு தோழி எடுத்துக்கொண்டார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த முகமூடிக்கு மரம் எங்கிருந்து வருகிறது?”

நான் யோசிக்கவே இல்லை. ஏதோ ஒரு மரம் என்றேன். “அப்படியென்றால் அது எங்கள் மலையில் மட்டும் வளரும் மரம்” என்றார். அவர் நாட்டுக்காரர்கள் கருங்காட்டார். பேரரசர் இறக்கும்போதெல்லாம் மாறாநாட்டு ஆட்கள் இரவோடு இரவாக மலையேறி ஒரு மரத்தை வெட்டிக்கொண்டு போவார்கள். அது கருங்காட்டாருக்குச் சாமி மரம். வெட்டிய அடிமரங்களை அவர்கள் பிடுங்குவதில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாறாநாட்டின் சரித்திர ஏடுகளில் பேரரசர் ஒருவர். மலையில் பதினொரு கல்வட்டம்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பேரரசின் ஆகப் பெரிய ரகசியம் அதன் பகைவர்களுக்கு ஊரறிந்த விஷயம். அவர்கள் ஏன் எங்களை வெறுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் நியாயமான காரணம். தனியாக உட்கார்ந்து பத்து வருடம் எழுதியிருந்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. முகமூடியின் மேல் எனக்கு அவ்வளவு பாசம். அதன் மரத்தைப் பற்றிக் கேட்க, அதன் மேல் பாசம் இல்லாத ஒருவர்தான் வேண்டும்.

அப்புறம் பெயர்கள். நாங்கள் அவர்களை விறகுவெட்டிகள் என்றோம். அவர்கள் எங்களை ஒட்டுமுகத்தார் என்றார்கள். எந்த நாடும் தன்னைப் பற்றித் தானே வைத்த பெயரோடு மட்டும் உலகத்தில் வாழ்வதில்லை. ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டை டாய்ச்லாந்து என்கிறார்கள். ஸ்லாவ் மொழிகளில் அவர்களுக்குள்ள பெயரோ ‘ஊமை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் யவனர் என்ற சொல்கூட அயோனியா என்ற ஒரு பகுதியின் பெயர்தான். கிரேக்கர் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. உங்கள் பேரரசுக்குப் பக்கத்து நாட்டார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். வருகிற பதிலில் பாதிச் சரித்திரம் இருக்கும்.

எத்தனை நாடுகள் வேண்டும்? ஐந்து பேர் இருந்தால் நல்லது என்பேன். கௌடில்யரின் மண்டலக் கொள்கை தெரிந்திருக்கும்: எல்லையை ஒட்டியவன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன். இதை மேசையில் உட்காரும் வரிசைக்கே பொருத்திப் பார்த்தோம். இரு பக்கமும் இருப்பவர்கள் உங்கள் போட்டியாளர்கள். நான்கு பேர் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கூட்டாளி, அவ்வளவுதான். இரண்டு அணியாகப் பிரிந்து கதை உறைந்துவிடும். ஐந்து பேர் என்றால் உங்களை ஒட்டாத இரண்டு பேரும் கூட்டாளியாகத் தகுந்தவர்கள். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரோடு கைகோத்தால் மற்றவருக்குக் கோபம் வரும். எப்படிக் கணக்குப் போட்டாலும் யாரோ ஒருவருக்கு மனத்தாங்கல் மிச்சமிருக்கும். காகிதத்தில் ஐந்து புள்ளி வைத்து வரைந்து பாருங்கள், புரியும்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவற விடுவது இதைத்தான். வரைபடத்தில் பெரிய பரப்பை வண்ணம் தீட்டிவிட்டுப் பேரரசு என்கிறோம். அதன் அளவை நாட்களால் அளக்க வேண்டும். பாரசீகப் பேரரசில் சார்டிஸிலிருந்து சூசா வரை போன அரச சாலையை நடந்து கடக்க 90 நாள் ஆகும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதனால்தான் வழியெல்லாம் குதிரை மாற்றும் நிலையங்களை வைத்து, அஞ்சல்காரர்களை ஓட்டம் ஓட்டமாக அனுப்பினார்கள். 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டில்கூட இதைப் பிடித்திருப்பார்கள். கப்பலை விட வேகமாகப் போகிற செய்தி அங்கே கிடையாது. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் தாவ ஏறக்குறைய ஒரு வாரம். ஆகவே எல்லையில் இருக்கும் ஆளுநர் தலைநகரைக் கேட்காமலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாறாநாட்டில் இது வேறு மாதிரி வேலை செய்தது. பேரரசர் இறந்த செய்தி தெற்கு மாகாணத்துக்குப் போகவே போகாது. ஆனால் கருங்காட்டாருக்கு மரம் விழும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பேரரசை அரக்கர் கூட்டமாகக் காட்டிவிடாதீர்கள். கிரெக் ஸ்டாஃபோர்ட் படைத்த குளோராந்தா என்ற விளையாட்டு உலகத்தில் ஒரு நிலவுப் பேரரசு இருக்கிறது. அதன் தேவியே சிவப்பு நிலவாக வானத்தில் தொங்குகிறாள். கல்வி உண்டு, கலை உண்டு, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனையும் சேர்த்துக்கொள்ளும். அது வென்ற சார்டார் மக்களுக்கோ, தங்கள் தெய்வங்களை அழிக்க வந்த பேரழிவு அது. இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். அந்த உலகத்தில் பல வருடம் ஆடுகிறவர்கள் எந்தப் பக்கம் சேருவது என்று இன்னும் வாதாடுகிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சேர்ந்து படைப்பது என்றால் எல்லாவற்றையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் பரவாயில்லை என்று தோன்றுகிற, ஒருவருக்கும் பிடிக்காத ஒரு நாடுதான் மிஞ்சும். பென் ராபின்ஸ் 2011இல் வெளியிட்ட மைக்ராஸ்கோப் என்ற விளையாட்டு முழுக்க முழுக்கச் சரித்திரம் படைக்கும் விளையாட்டு. என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று முதலிலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் முறை வந்தபின் மற்றவர்கள் யோசனை சொல்லக்கூடாது. அவர் தடுமாறினாலும் பொறுத்துக் காத்திருக்க வேண்டும். முதல்முறை ஆடியபோது எனக்கு இது கடுமையாகப் பட்டது. இப்போது எங்கள் மேசையிலும் அதுதான் சட்டம்.

வரக்கூடாதவற்றின் பட்டியலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரரசு என்றாலே அடிமை வாணிபம், ஊரை எரிப்பது, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவது என்றெல்லாம் வரும். மேசையில் இருக்கும் ஒருவருக்கு அது வெறும் கதையாக இல்லாமல் போகலாம். தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

வரைபடத்தின் ஓரத்தையும் கொஞ்சம் காலியாக விடுங்கள். பைசாந்தியமும் சாசானியப் பாரசீகமும் 602 முதல் 628 வரை ஒருவரையொருவர் அடித்துக் களைத்துப்போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இருவரும் கணக்கிலேயே வைக்காத அரபுப் படைகள் வந்தன. 651க்குள் சாசானியர் முடிந்துபோனார்கள்.

எங்கள் மேசைக்கு அப்படி வந்தவர் ஒரு நண்பர். ஒரு துறைமுக நகரத்தை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் கடன் கொடுத்துக்கொண்டு அமைதியாக இருந்தார். போன மாதம் அவர் முறை வந்தது. இருபது வருடம் முன்பு தன் நகரத்து மாலுமி ஒருவன் கருங்காட்டிலிருந்து ஒரு நாற்றைத் திருடிக்கொண்டு போய், யாருக்கும் தெரியாத ஒரு தீவில் நட்டுவிட்டான் என்றார். சொல்லிவிட்டுப் பகடையை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். மலைநாட்டுத் தோழி எழுந்தே நின்றுவிட்டார். மரம் இன்னொன்று இருக்கிறது என்றால் முகமூடியும் இன்னொன்று இருக்க முடியும். பேரரசரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம். அந்த மரம் இப்போது எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர, சொல்லவில்லை.