போட் எஞ்சினுக்கு ஒயில் மாற்றுவோம், அதுவும் குளிருக்கு முன்னால்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்கு ஏரியும் இல்லை, மீனும் இல்லை. போட் ட்ரெய்லரில் ஏறி வீட்டு டிரைவ்வேக்கு வந்துவிட்டது, எஞ்சின் மூடி திறந்திருக்கிறது, நான் பழைய உடுப்போடு நிற்கிறேன். என்ன வேலை என்று விளங்கியிருக்கும். ஒயில் மாற்றப் போகிறோம்.

முதலில் எஞ்சினைக் காட்டுகிறேன். மெர்க்ரூசர் கம்பனியின் 4.3 எம்பிஐ மொடல், வி6 (ஆறு சிலிண்டர்), பெற்றோலில் ஓடுவது. பின்னால் தொங்குவது ஆல்பா வன் அவுட்ட்ரைவ், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் புரோப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி. உங்களிடம் இருப்பது வேறு மொடல் என்றால் அளவுகள் மாறும், கையேட்டைப் பாருங்கள். வேலையின் போக்கு மட்டும் கிட்டத்தட்ட இதுதான்.

எங்கள் மாமா ஒருவர் போன கிழமை கேட்டார், "போட்டுக்கு என்ன தம்பி ஒயில் சேஞ்ச்?" என்று. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் ஊரில் பார்த்தது எல்லாம் வள்ளத்தின் பின்னால் வெளியே பூட்டிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அவுட்போர்ட் என்பார்கள். அதில் ஒயில் எரிபொருளோடு சேர்ந்தே போய் எரிந்துவிடும். தேங்கி நிற்பதற்குத் தொட்டி இல்லை, அதனால் மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. இது அப்படி இல்லை. இதன் பிறப்பே ஜெனரல் மோட்டார்ஸ் ட்ரக்குகளில் வந்த 4.3 லிட்டர் வி6தான். அடியில் தொட்டி உண்டு, பக்கத்தில் ஃபில்டர் உண்டு.

ட்ரக் எஞ்சின்தானே, காருக்கு வாங்கும் ஒயிலையே ஊற்றலாமே என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு இருக்கிற விஷயமே அதில்தான் இருக்கிறது.

கார் எஞ்சினில் குளிரூட்டும் நீர் கிட்டத்தட்ட 90 பாகை செல்சியஸில் நிற்கும். இந்த எஞ்சின் ஏரித் தண்ணீரை நேரே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிறது. இதில் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு, தேர்மோஸ்டாட், 71 பாகையில் திறக்கிறது. எஞ்சின் அவ்வளவு சூடாவதில்லை என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஒயிலுக்கு அது நல்லதில்லை. பெற்றோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். அதில் கொஞ்சம் ஆவியாகப் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். எரியாத பெற்றோலும் கொஞ்சம் இறங்கும். காரில் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அதெல்லாம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். இங்கே அந்தளவுக்குப் போகாது. பாதி அப்படியே தங்கும்.

இன்னொரு பக்கம், சுமை. கார் ஓர் ஓட்டத்துக்கு வந்தபிறகு எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை. போட்டை நாள் முழுக்க மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும் லொறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் இழுத்து நிறுத்திவிடும். அதனால்தான் போட் ஒயில் கொஞ்சம் தடிப்பு, இதற்கு 25டபிள்யூ-40 என்ற தடிப்பு எண் உள்ளது. போத்தலில் எஃப்சி-டபிள்யூ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரால் குளிரூட்டப்படும் ஃபோர்-ஸ்ட்ரோக் போட் எஞ்சினுக்கு என்று அமெரிக்காவின் என்எம்எம்ஏ என்ற அமைப்பு கொடுக்கும் சான்று அது. துருப் பிடிக்காமல் காக்கும் சேர்மானம் அதில் பரிசோதிக்கப்படுகிறது. போட்டுக்கான அந்தப் பரிசோதனை கார் ஒயிலுக்குச் செய்யப்படுவதில்லை.

சரி, இப்போது காலம். கையேடு சொல்வது 100 மணித்தியாலம் அல்லது வருடத்துக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அது. சிம்கோ ஏரியில் சனி, ஞாயிறு மட்டும் ஓடுகிற எங்களுக்கு 100 மணித்தியாலம் எங்கே வரப் போகிறது? ஆகவே வருடக் கணக்குத்தான். அந்த வருடத்தில் எப்போது என்பதில்தான் எனக்கும் என் நண்பர்களுக்கும் ஒத்துவராது. அவர்கள் வசந்தத்தில், போட்டைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் மாற்றுவார்கள். புது ஒயிலோடு சீசன் தொடங்க வேண்டும் என்ற ஆசை. நான் ஒக்டோபர் கட்சி. இப்போது சொன்னேனே, ஈரம், பெற்றோல், எரிந்ததில் வந்த அமிலம், அதெல்லாம் கலந்த ஒயிலை உள்ளே விட்டு, அதே பேரிங்குகளின் மேல் ஒன்ராறியோக் குளிர் முழுக்க ஊறவைத்துவிட்டு, ஏப்ரலில் புதுசு ஊற்றி என்ன பயன்? அரிக்க வேண்டியது அரித்து முடிந்துவிடும். ஓடாமல் கிடக்கும் காலத்துக்குத்தான் நல்ல ஒயில் தேவை.

வேலைக்கு வருவோம்.

முதல் வேலை ஒயிலோடு சம்பந்தப்பட்டதே இல்லை. போட்டின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் தானியங்கி சுவிட்சை நிறுத்துங்கள். கை தவறிக் கொஞ்சம் ஒயில் அடியில் கொட்டினால், பம்பு அதைத் தண்ணீர் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். டிரைவ்வேயில் என்றால் கறையோடு போகும், ஏரியில் நிற்கும்போது என்றால் அது சட்டப்படி குற்றம். எஞ்சினுக்குக் கீழே ஒயில் உறிஞ்சும் விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது புளோவர், எஞ்சின் அறையின் ஆவியை வெளியே ஊதித் தள்ளும் விசிறி. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், அடியில் போய்க் கிடக்கும், ஒரு தீப்பொறி போதும். கனடாவில் உள்ளே வைத்த பெற்றோல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் புளோவர் ஓடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மூடி திறந்துதானே இருக்கிறது என்று நான் அதை விடுவதில்லை. மூக்கையும் ஒருக்கால் கீழே கொண்டுபோய் மணந்து பாருங்கள்.

இப்போது தண்ணீர். ஒயில் கொஞ்சம் சூடானால்தான் இளகி வரும், அடியில் படிந்த அழுக்கும் கலந்து வரும். அதற்கு எஞ்சினை ஓட்டவேண்டும். ஆனால் போட் நிற்பது தரையில். அவுட்ட்ரைவின் கீழே இரண்டு பக்கமும் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் தெரிகிறதா? அதன்மேல் காதுமூடி போல இரண்டு ரப்பர் கிண்ணம் உள்ள இந்த இயர்மஃப்பை மாட்டி, தோட்டத்து ஹோஸைப் பூட்டுங்கள். முதலில் குழாயைத் திறக்க வேண்டும், பிறகுதான் சாவி. மாற்றிச் செய்யக் கூடாது. தண்ணீரை இழுக்கும் சின்னச் சக்கரம், இம்பெல்லர், ரப்பரால் ஆனது. தண்ணீர்தான் அதற்கு வழவழப்பு. காய்ந்து ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகிவிடும். கியர் நியூட்ரலில், ஐடிலில் மட்டும், புரோப்பெல்லர் பக்கம் பிள்ளைகள் யாரும் வரக் கூடாது. வெப்பக் கேஜில் கண் இருக்கட்டும். ஒரு 10 நிமிடம் போதும். கொதிக்கக் கொதிக்க எடுக்க வேண்டாம், கை சுடும், உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயும் இளகிப்போகும். நிறுத்திவிட்டு இன்னும் 10 நிமிடம் விடுங்கள், மேலே ஒட்டியிருப்பது எல்லாம் தொட்டிக்கு இறங்கட்டும்.

காரில் என்றால் கீழே படுத்து நட்டைக் கழற்றுவோம். இங்கே எஞ்சினுக்குக் கீழே கை போக இடமே இல்லை. அதனால் ஒயிலை மேலே இழுக்கிறோம். ஒயில் அளவு பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்டிக், போகும் குழாய்க்குள் இந்த மெல்லிய குழாயை விட்டு, அடி தட்டும் வரை இறக்குங்கள். தட்டியது கையில் தெரியும். மற்ற முனை இந்தக் கைப் பம்புக்கு. மேலே கீழே சில தடவை அடித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், பிறகு அது தானாக இழுக்கும். பற்றரியில் ஓடும் பம்பும் வாங்கலாம். எனக்குக் கைப் பம்பு பிடிக்கும், ஏனென்றால் எவ்வளவு வந்தது என்று தொட்டியில் இருக்கும் கோட்டில் பார்க்கலாம். மெர்க்ரூசர் சிலவற்றில் டிப்ஸ்டிக் குழாயின் வாயிலேயே புரி இருக்கும், பம்பை நேரே பூட்டலாம். சிலவற்றில் அடித் தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் வரும், அதை போட்டின் பின்பக்க வடிகால் துளையால் வெளியே எடுத்து விட்டுவிடலாம். அப்படி எடுத்தால் துளையின் அடைப்பானை சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வசந்தத்தில் அந்த அடைப்பான் இல்லாமல் ஏரியில் இறக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதோ வருகிறது. இழுத்து முடிந்தபின் குழாயைக் கொஞ்சம் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்குங்கள். ஒரு மூலையில் நின்ற ஒயில் இன்னும் கொஞ்சம் வரும். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.5 குவார்ட், அதாவது 4.25 லிட்டர். ஃபில்டருக்குள் நிற்பது போக மிச்சம் பம்புக்குள் வந்திருக்க வேண்டும். 3 லிட்டரோடு நின்றுவிட்டது என்றால் குழாய் அடிக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் புது ஒயிலை முழு அளவுக்கு ஊற்றினால் கூடிப்போகும்.

இப்போது நான் விரும்புகிற இடம். பழைய ஒயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். மரீனாவில் காசு கொடுத்து மாற்றினால் இதை யாரும் உங்களுக்குக் காட்டமாட்டார்கள். கறுப்பாக இருக்கிறது, அது சரி, கறுக்கத்தான் வேண்டும். அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பால் கோப்பி நிறத்தில் வந்தால்தான் பிரச்சினை, தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு, ஹெட் காஸ்கெட், பழுதாக இருக்கலாம், புகைபோகும் குழாய்ப் பகுதியான மனிஃபோல்டாக இருக்கலாம், போன குளிரில் தண்ணீர் உறைந்து வெடித்த எஞ்சின் உடலாகவும், அதாவது பிளாக்காகவும், இருக்கலாம். அதற்குமேல் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெள்ளைப் படலம் என்றால் பயப்பட வேண்டாம், அதிகம் சூடாகாமல் ஓடும் எஞ்சினில் ஈரம் அப்படித்தான் படியும். அப்புறம் மணம். பெற்றோல் மணம் தூக்கலாக இருந்து, டிப்ஸ்டிக்கில் அளவும் ஏறியிருந்தால், எரிபொருள் கீழே இறங்குகிறது. நீண்ட நேரம் ஐடிலில் ஓட்டி மீன்பிடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கடைசியாக, வெயிலில் சரித்துப் பாருங்கள். மினுமினு என்று உலோகத் தூள் தெரிந்தால் அது நல்ல செய்தி இல்லை. என்னுடையது பாருங்கள், வெறும் கறுப்பு. சந்தோஷம்.

ஃபில்டர். இதைப் பூட்டிய இடத்தைத் தீர்மானித்தவர் ஒருநாளும் கையால் கழற்றியிருக்கமாட்டார். கழற்றுவதற்கு முன் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை ஃபில்டரின் மேல் கீழிருந்து மாட்டிவிடுங்கள். சிந்துவது பைக்குள்ளேயே போகும். கழன்றதும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா, இல்லை எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று நின்று, அழுத்தம் ஏறியதும் ஒயில் பீறிட்டு அடிக்கும். புது வளையத்தில் ஒயில் பூசி, அது தொட்டபின் ஃபில்டர் பெட்டியில் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று முதல் ஒரு சுற்று வரை, கையால் மட்டும் இறுக்குங்கள்.

ஊற்றுவது சின்ன வேலை. ட்ரெய்லர் சாய்ந்து நிற்காமல் போட் மட்டமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். ஒரு அமெரிக்கக் கலனும் (4 குவார்ட், 3.78 லிட்டர்) ஒரு குவார்ட் போத்தலும் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். முதலில் ஒரு கலனை ஊற்றி, பொறுத்து, பார்த்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக. கூடினாலும் கூடாது. உள்ளே சுழலும் தண்டு, கிராங்க், ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் காக்காது. பிறகு திரும்பவும் புளோவர், தண்ணீர், சாவி, அதே வரிசை. ஒயில் அழுத்தக் கேஜ் சில நொடிகளில் ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஃபில்டரின் கீழே டோர்ச் அடித்துக் கசிகிறதா என்று பார்த்து, நிறுத்தி, 5 நிமிடம் கழித்து இன்னொரு தடவை டிப்ஸ்டிக்.

பழைய ஒயில் போத்தலில். பெற்றோலோ, உறையாமல் காக்கும் திரவமான அன்ரிஃப்ரீஸோ அதே போத்தலில் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு உதவாது. ரொறன்ரோவில் இருப்பவர்கள் மாநகரசபையின் டிராப்-ஆஃப் டிப்போவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஃபில்டரையும் வடியவிட்டுக் கொண்டுபோங்கள்.

காசு மிச்சமா என்றால், மிச்சம்தான், கூலிக்கு மேலே 13 வீத விற்பனை வரி, எச்எஸ்டியும் போகாதே. ஆனால் போட் இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் ஒயில், ஃபில்டர் பற்றுச்சீட்டுகளைக் கட்டாயம் வைத்திருங்கள். சில மரீனாக்கள் தங்கள் இடத்தில் சொந்தமாக ஒயில் மாற்ற விடுவதில்லை, அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

மார்க்கரால் ஃபில்டரில் இன்றைய திகதியையும் மீட்டரில் ஓடிய மணித்தியாலத்தையும் எழுதுகிறேன். முடியவில்லை இன்னும். ஹோஸ் பூட்டி ஓட்டினோம் அல்லவா, பிளாக் முழுக்க இப்போது குழாய்த் தண்ணீர் நிற்கிறது. இன்றிரவு பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் என்று சொல்கிறார்கள். அதனால்தான் ஒயில் முதலில், தண்ணீர் வடிப்பது பிறகு என்ற வரிசை. மாற்றிச் செய்தால் வடித்த எஞ்சினுக்குள் திரும்பவும் தண்ணீரை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். தண்ணீரை வடிக்கும் இந்த நீல அடைப்பான்களைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும், கமராவை வைத்துவிடுகிறேன். வடிப்பதும் அன்ரிஃப்ரீஸ் விடுவதும் அடுத்த வீடியோவில்.