விலையை எங்கே குறைப்பது

வணக்கம் நேயர்களே. நான் லேப்டாப் பழுது பார்ப்பவன். கடை அலமாரியில் பளபளவென்று நிற்கும் லேப்டாப்பை நான் பார்ப்பது குறைவு, பின்மூடியைக் கழற்றி மேசையில் கிடத்திய பிறகுதான் நிறையப் பார்க்கிறேன். விலை குறைந்த லேப்டாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டதும் போன மாதம் வந்த ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக ஒரு அப்பா வாங்கியது. ரேம் 4 ஜிபி, ஸ்டோரேஜ் 32 ஜிபி. விண்டோஸ் அப்டேட்டை நிறுவ இடமில்லை, அந்தப் பெண் தன் பாடக் கோப்புகளை எல்லாம் அழித்துப் பார்த்தும் போதவில்லை. "வேற டிஸ்க் போட்டுடலாங்களா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். போட வழியே இல்லை. அதில் இருப்பது போனில் வருவது போன்ற இஎம்எம்சி சிப், மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்தது, ரேமும் அப்படியே. பக்கத்தில் எம்.2 ஸ்லாட் ஒன்று, அதாவது வேறு டிஸ்க் செருகுகிற சின்ன இடம், வைத்திருந்தால் அன்றைக்கே கொஞ்சம் செலவில் முடிந்திருக்கும் வேலை.

கம்பெனிக்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு லேப்டாப்பின் செலவில் பெரும்பகுதியை திரை, பிராசஸர், ரேம், ஸ்டோரேஜ் என்ற நாலு சாமானே எடுத்துக்கொள்கின்றன, மீதி இருப்பதில்தான் உடம்பு, கீபோர்டு, பேட்டரி, கீல் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அந்த மீதியில் ஒரு ஸ்லாட்டும் ஒரு ஸ்க்ரூவும்கூட லட்சக்கணக்கில் செய்யும்போது பெரிய தொகை. சரி, எங்கேயோ குறைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே என்பதில்தான் எனக்குச் சண்டை.

இதை முழுக்க வேறு மாதிரி யோசித்துச் செய்த ஒரு லேப்டாப் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-ல் அறிவித்த 100 டாலர் லேப்டாப், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக. எக்ஸ்ஓ என்று பெயர் வைத்து 2007 கடைசியில் தைவானின் குவான்டா கம்பெனி தயாரிக்க ஆரம்பித்தபோது விலை 190 டாலரை ஒட்டி நின்றது, சொன்ன விலைக்கு வரவே இல்லை. ஆனாலும் அதன் வடிவமைப்பை நான் மதிக்கிறேன். ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃபேன் கிடையாது, அதாவது உள்ளே சுற்றுகிற பாகமே எதுவும் இல்லை. பிராசஸர் 433 மெகாஹெர்ட்ஸ், ரேம் 256 எம்பி, ஸ்டோரேஜ் 1 ஜிபி. அந்தக் காலத்துக்கே குறைவுதான். ஆனால் திரையில் கை வைக்கவில்லை, சொல்லப்போனால் திரைக்காகத்தான் அதிகம் மெனக்கெட்டார்கள். அந்தத் திட்டத்தின் தொழில்நுட்பத் தலைவர் மேரி லூ ஜெப்சன் உருவாக்கிய அந்த 7.5 அங்குலத் திரை, பின்விளக்கை அணைத்துவிட்டு வெயிலில் வைத்தால் 1200-க்கு 900 புள்ளிகளில் கறுப்பு வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும், விளக்கைப் போட்டால் வண்ணம் வரும். பிராசஸர் தூங்கினாலும் படம் திரையில் அப்படியே நிற்கும்படி தனி சிப் ஒன்று வைத்தார்கள். கரண்ட் நம்ப முடியாத ஊரில், மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு எது தேவை என்று கேட்டு அங்கிருந்து பின்னோக்கி வந்தவர்கள் அவர்கள். அப்புறம், தூக்கிக்கொண்டு போகிற கைப்பிடிக்குள்ளேயே உபரி ஸ்க்ரூக்கள் வைத்திருந்தார்கள். பழுது பார்ப்பவனுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முதலில் வந்தவற்றின் டச்பேட் தாறுமாறாகத் தாவும், ரேமும் சால்டர் செய்ததுதான், 256 எம்பியில் இணையப் பக்கங்கள் கனக்கக் கனக்க அது மூச்சுத் திணறியது. அதே 2007-ல் ஆசஸ் கம்பெனி விட்ட ஈ பிசி 701 என்ற சின்ன லேப்டாப் திரையில் சிக்கனம் பிடித்தது, 7 அங்குலம், 800-க்கு 480 புள்ளி. ஆனால் அதன் 4 ஜிபி ஸ்டோரேஜ் மாடலில் அடிப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் ரேம் ஸ்லாட் கைக்கு வரும். திரையில் ஒருவர் சரி, ரேமில் இன்னொருவர் சரி.

என் கணக்கு இது. பிராசஸரில் குறைக்கட்டும், மெதுவாக ஓடினாலும் வேலை முடியும். பிளாஸ்டிக் உடம்பு, கொஞ்சம் கூடுதல் தடிமன், ஒளிராத கீபோர்டு, எல்லாம் சரி. நாளைக்கு மாற்றிக்கொள்ள முடிகிற எதிலும் குறைக்கட்டும். வாங்கிய அன்றே ஆயுள் முழுக்க முடிவாகிவிடுகிற இடத்தில் கை வைக்கக் கூடாது. என் மேசைக்கு வருவதில் நிறைய, கீல் பிய்ந்து வருபவை. கனமான உலோகக் கீலை மெல்லிய பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குமிழ்களில் முடுக்கியிருப்பார்கள், தினம் திறந்து மூட மூட பிளாஸ்டிக் பிளந்துவிடும், மேல் உடம்பையே மாற்ற வேண்டும். சார்ஜர் செருகும் முனை தனி வயரில் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம், போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் போர்டைக் கழற்றி எடுத்துச் சூடு வைக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்றைக் கேளுங்கள். ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, ஸ்டோரேஜ் இஎம்எம்சியா மாற்றக்கூடிய எஸ்எஸ்டியா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா. கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, பழுது பார்க்கிற யாரிடமாவது காட்டிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சமே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி ஸ்டோரேஜும் வேண்டும், அதுவும் நிறுவுவதற்கு மட்டும்தான், உங்கள் கோப்புகளுக்கு அதற்கு மேல்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, ஒரு மெமரி கார்டும் செருகிக் கொடுத்தேன். எழுதவும் படிக்கவும் நன்றாகவே ஓடுகிறது. அவள் பாடத்துக்கு வேண்டிய வரைபட மென்பொருள் மட்டும் அதில் ஓடாது, அதற்காக மாலையில் கல்லூரி லேபில் இருந்துவிட்டு கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறாள்.