எச்.ஐ.வி-யின் ரெவ் புரதம்: உட்கருவுக்குள் போவதும் வருவதும்

திரையில்: தொற்றிய ஒரு செல். உட்கருமணி மட்டும் பச்சையாக ஒளிர்கிறது.

இந்தப் படத்தைப் பார்த்ததும் ரெவ் புரதம் உட்கருமணியில் குடியிருக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இது ஒரு நொடியில் எடுத்த படம். ரெவ் ஓயாமல் சைட்டோபிளாசத்துக்குப் போய்வருகிறது. உள்ளே தங்கும் நேரம் அதிகம், அதனால்தான் அங்கே கூட்டமாகத் தெரிகிறது.

ஏன் இந்த அலைச்சல்? எச்.ஐ.வி-1-இன் முழு ஆர்.என்.ஏ சுமார் 9,000 எழுத்து நீளம். அதிலிருந்து இன்ட்ரான்கள் (வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டுகள்) எல்லாம் வெட்டப்பட்டுச் சுமார் 2,000 எழுத்தாகச் சுருங்கியது தானாகவே வெளியேறிவிடும். ரெவ், டாட், நெஃப் மூன்றும் அதிலிருந்துதான் உருவாகின்றன. ஆனால் காக், போல், என்வ் புரதங்களுக்கு இன்ட்ரான் மிச்சமிருக்கும் நீள ஆர்.என்.ஏ வேண்டும். இன்ட்ரானோடு வரும் ஆர்.என்.ஏ-வைச் செல் வெளியே விடாது. அந்தத் தடையைத் தாண்ட வைப்பதுதான் ரெவ்வின் வேலை.

திரையில்: 116 அமினோ அமிலங்களின் சங்கிலி. இரண்டு இடங்கள் நிறம் மாறுகின்றன.

முதல் இடம், ஏறத்தாழ 34 முதல் 50 வரை, ஆர்ஜினின் நிறைந்தது. இரண்டாவது 75-ஐ ஒட்டிய லியூசின் நிறைந்த துண்டு. முதல் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். மொத்தச் சூட்சுமமும் அங்கேதான். சைட்டோபிளாசத்தில் இம்போர்ட்டின் பீட்டா என்ற சுமக்கும் புரதம் அந்த ஆர்ஜினின்களைப் பிடித்து ரெவ்வை உட்கருவுக்குள் கொண்டுபோகிறது. உள்ளே ரான்-GTP (GTP மூலக்கூறைச் சுமக்கும் ரான் என்ற சிறு புரதம்) வந்து இம்போர்ட்டினோடு ஒட்ட, பிடி விடுகிறது. இப்போது காலியான அதே ஆர்ஜினின்கள் வைரஸ் ஆர்.என்.ஏ-வில் உள்ள ஆர்.ஆர்.இ என்ற சுமார் 350 எழுத்து மடிப்பைப் பற்றுகின்றன. ஒரே கை, இம்போர்ட்டினைப் பிடித்திருக்கும்போது ஆர்.என்.ஏ-வைப் பிடிக்க முடியாது.

ஒரு ரெவ் மட்டும் ஒட்டினால் போதாது, பல மூலக்கூறுகள் அடுத்தடுத்து வந்து சேர வேண்டும். ஆகவே ரெவ் போதிய அளவு சேரும்வரை நீள ஆர்.என்.ஏ உள்ளேயே கிடக்கும். சேர்ந்த பிறகு லியூசின் துண்டுகளை சி.ஆர்.எம்.1 என்ற வெளியேற்றும் புரதமும் ரான்-GTP-யும் சேர்ந்து பிடித்து உட்கருச் சவ்வின் துளை வழியே வெளியேற்றுகின்றன. வெளியே GTP அப்படியே இருப்பதில்லை, ஒரு பாஸ்பேட்டை இழந்து GDP-யாக மாறுகிறது. கூட்டணி கலைகிறது, ரெவ்வை மீண்டும் இம்போர்ட்டின் பிடிக்கிறது.

மனிதரைத் தொற்றும் இன்னொரு வைரஸான எச்.டி.எல்.வி-1-இன் ரெக்ஸ் புரதமும் இதே சி.ஆர்.எம்.1 வழியைத்தான் பயன்படுத்துகிறது.

திரையில்: மனித உட்கருவும் எலி உட்கருவும் ஒரே செல்லுக்குள்.

போக்குவரத்தை நிரூபிக்க மனித செல், எலி செல் என இரு செல்களைப் பாலிஎத்திலீன் கிளைகாலால் இணைப்பார்கள். மனித உட்கருவில் இருந்த ரெவ் எலி உட்கருவிலும் தெரிந்தால், வெளியேறி உள்ளே போயிருக்கிறது என்று பொருள். இணைப்பதற்கு முன்பே சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தைச் சேர்த்துப் புதுப் புரத உற்பத்தியை நிறுத்த வேண்டும். அதை மறந்தால், சைட்டோபிளாசத்தில் புதிதாக உருவான ரெவ் நேரே எலி உட்கருவுக்குப் போய்ப் பொய்யான முடிவைத் தரும். டி.என்.ஏ-வில் ஒட்டும் ஹோக்ஸ்ட் சாயத்தில் எலி உட்கரு புள்ளி புள்ளியாகத் தெரியும், அடையாளம் காண அது போதும்.

இன்னொரு சறுக்கல், புரதம் இருக்கும் இடத்தைக் காட்ட ஜி.எஃப்.பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை அதோடு ஒட்டுவதில் நேரும். ஜி.எஃப்.பி 27 கிலோடால்டன்தான். ஒரு சிறு துண்டோடு அதை ஒட்டினால் சமிக்ஞை எதுவும் இல்லாமலே துளையில் கசிந்துவிடும். இரண்டு ஜி.எஃப்.பி-களை வரிசையாக ஒட்டினால் கசிவு குறையும்.

லெப்டோமைசின் பி என்ற தடுப்பு மருந்து சி.ஆர்.எம்.1-இன் 528-ஆவது சிஸ்டீனோடு பிணைந்து வெளியேற்றத்தை நிறுத்தும். நானோமோலார் அளவே போதும். அதைச் சேர்த்த பிறகும் புரதம் வெளியே வந்துகொண்டிருந்தால், சி.ஆர்.எம்.1 தவிர்த்த வேறு வழியையோ கசிவையோ தேடுங்கள். லியூசின் துண்டு சிதைந்த எம்10 என்ற மாறிய ரெவ்வையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்திலேயே சோதித்துப் பாருங்கள்: அது ஆர்.ஆர்.இ-யைப் பிடிக்கும், சி.ஆர்.எம்.1-ஐப் பிடிக்காது, எலி உட்கருவில் அது தெரியக் கூடாது.