கேன் தண்ணீரும் பிள்ளைகளின் பேதியும்: ஒரு கணக்கெடுப்பைக் கட்டுவது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஏதாவது ஒரு தெருவுக்குள் போய்ப் பாருங்கள். சில வீட்டு வாசலில் இருபது லிட்டர் கேன் இருக்கும். சில வாசலில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்த பிளாஸ்டிக் குடங்கள் இருக்கும். கேன் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பேதி குறைவாக வருகிறதா? முதலாண்டு புள்ளியியல் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொள்ளத் தோதான கேள்வி இது. பார்க்க எளிது. ஆனால் வாய்ப்பாடு தெரிந்தவர்கள்கூடச் சறுக்கி விழும் இடங்கள் இதற்குள் நிறைய இருக்கின்றன.

முதலில் மாறிகள். வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் மாறுபடுகிற, நாம் குறித்துக்கொள்கிற விவரம்தான் மாறி. இங்கே காரணமாக நாம் சந்தேகிப்பது தண்ணீர், அது சாரா மாறி. விளைவு பேதி, அது சார்ந்த மாறி. பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடும். களத்தில் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பேதி என்று எதைச் சொல்வது? ஒரு தாய்க்கு இரண்டு தடவை போனாலே பேதி, இன்னொரு தாய்க்கு ஐந்து தடவை போனாலும் 'பல் முளைக்குது, அதான்'. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை நீராகப் போனால் பேதி. எவ்வளவு காலத்துக்குள் என்பதையும் கேள்வியிலேயே எழுத வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வில் 'கடந்த இரண்டு வாரத்தில்' என்று கேட்கிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிய கேள்வி இன்னும் வழுக்கல். 'உங்க வீட்டுல என்ன தண்ணி?' என்று கேட்டால் 'கேன் தண்ணி' என்று பதில் வரும். ஆனால் கேன் பெரியவர்களுக்குக் குடிக்க, சமையலுக்கு மெட்ரோ தண்ணீர், பிள்ளை பகல் முழுக்க பால்வாடியில் குடிப்பது அங்குள்ள குழாய்த் தண்ணீர் என்று இருக்கலாம். வீடு வாங்குகிற தண்ணீர் வேறு, பிள்ளை குடிக்கிற தண்ணீர் வேறு. 'நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பிள்ளை எங்கெங்க தண்ணி குடிச்சுது?' என்று கேளுங்கள்.

பதில்களைக் கணினியில் ஏற்றும்போது கேனுக்கு 1, லாரிக்கு 2, குழாய்க்கு 3 என்று குறியீடு கொடுப்பார்கள். அது வெறும் பெயர். சராசரி தண்ணீர் 1.8 என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. சிரிக்க வேண்டாம், மென்பொருள் கேட்ட மாத்திரத்தில் அந்தச் சராசரியைப் போட்டுக் கொடுத்துவிடும். ராயபுரத்தின் பின்கோடு 600013, தண்டையார்பேட்டை 600081. இரண்டையும் கூட்டி வகுத்தால் 600047 வரும், அது தாம்பரம் சானடோரியம்!

இப்போது பேனா, காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை எண்கள்தான், நிதானமாகச் சொல்கிறேன். கேன் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகள் 200 பேர். அவர்களில் 28 பேருக்குப் பேதி, அதாவது 14 சதவீதம். லாரித் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகள் 200 பேர். அவர்களில் 52 பேருக்குப் பேதி, 26 சதவீதம். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. 'கேன் தண்ணீர் பேதியைத் தடுக்கிறது' என்று நோட்டீஸ் அடித்துவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டு, அதே 400 பிள்ளைகளை, வீட்டுக்குள் தனிக் கழிப்பறை உள்ளவர்கள், பொதுக் கழிப்பறைக்குப் போகிறவர்கள் என்று இரண்டாகப் பிரிப்போம். கேன் வாங்கும் வீடுகளில் 160 வீட்டில் தனிக் கழிப்பறை, 40 வீட்டுக்குப் பொதுக் கழிப்பறை. லாரித் தண்ணீர் வீடுகளில் நேர்மாறாக 40, 160. தனிக் கழிப்பறை உள்ள கேன் வீடுகளில் 160க்கு 16 பேருக்குப் பேதி, லாரி வீடுகளில் 40க்கு 4 பேர். இரண்டும் 10 சதவீதம். பொதுக் கழிப்பறைக்காரர்களில் கேன் வீடுகளில் 40க்கு 12 பேர், லாரி வீடுகளில் 160க்கு 48 பேர். இரண்டும் 30 சதவீதம். கூட்டிப் பாருங்கள், பழைய 28ம் 52ம் அப்படியே வரும். கூட்டலில் தப்பு இல்லை. தண்ணீருக்கும் பேதிக்கும் இடையில் தெரிந்த தொடர்பு, பிரித்துப் பார்த்ததும் காணாமல் போய்விட்டது. வேலை செய்தது கழிப்பறை, பெயர் வாங்கியது கேன்.

இந்தக் கழிப்பறை போன்றதைத்தான் குழப்பும் மாறி என்கிறோம். ஒன்றை அப்படி அழைக்க மூன்று நிபந்தனை உண்டு. அது சாரா மாறியோடு தொடர்பு கொண்டிருக்க வேண்டும்: காசு உள்ள வீட்டில் கழிப்பறையும் இருக்கும், கேனும் இருக்கும். அது தண்ணீரின் துணை இல்லாமலே விளைவைப் பாதிக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைத்தான் மாணவர்கள் மறக்கிறார்கள்: தண்ணீரிலிருந்து பேதிக்குப் போகும் வழியின் நடுவில் அது உட்கார்ந்திருக்கக் கூடாது. டம்ளர் தண்ணீரைச் சோதித்து அதிலிருக்கும் கிருமி அளவை எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், கேன் தண்ணீரில் உண்மையிலேயே பலன் இருந்தாலும் அது மறைந்துபோகும். ஏனென்றால் கேன் பலன் தருவதே கிருமியைக் குறைத்துத்தானே. இப்படிப் பிரித்துப் பார்த்து ஒரு மாறியின் பாதிப்பை நீக்குவதைச் 'சரிக்கட்டுவது' என்பார்கள். கையில் கிடைத்த மாறியை எல்லாம் கணக்கில் போட்டுச் சரிக்கட்டுவது கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், எதையும் சரிக்கட்டாமல் விடுவதைவிட அது சில சமயம் மோசம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. போன வாரம் பிள்ளைக்குப் பேதி வந்ததால்தான் பல வீடுகள் கேனுக்கு மாறியிருக்கும். ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் கணக்கெடுப்பில் 'கேன் குடிப்பவர்களுக்குத்தான் பேதி அதிகம்' என்று தலைகீழாக வந்து நிற்கும். எது முன்னே, எது பின்னே என்று இப்படி ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கேட்கும் குறுக்குவெட்டு ஆய்வுக்குத் தெரியாது. 'எத்தனை மாசமா கேன் வாங்குறீங்க?' என்று ஒரு கேள்வி சேர்த்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். அந்த வீடுகளையே ஆறு மாதம் பின்தொடர்ந்தால் இன்னும் தெளிவாகும், செலவும் கூடும்.

யாரைக் கேட்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அரசு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து பேதிக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எடுத்தால், தனியார் கிளினிக்குக்குப் போனவர்களும் வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துச் சமாளித்தவர்களும் விட்டுப்போவார்கள். காலை பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போனால், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் பூட்டியிருக்கும். காசிமேட்டில் மீனவர்கள் விடியற்காலையில் துறைமுகத்தில் வேலையாக இருப்பார்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைத் தட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்யாமல் அதே வீட்டுக்கு வேறு நேரத்தில் இன்னும் இரண்டு தடவை போங்கள். வருமானம் கேட்பதானால் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் விசைப்படகுத் தொழிலாளியிடம் 'போன மாச வருமானம் எவ்வளவு?' என்று கேட்டு அதை வருட வருமானமாக்கினால் என்ன கிடைக்கும்? வாடகை, கூரை, கழிப்பறை ஆகியவற்றைக் கேட்பதே மேல். கேன் வீடுகளை ஜூனிலும் லாரி வீடுகளை நவம்பர் மழையிலும் கேட்டால், மழையே ஒரு குழப்பும் மாறியாகிவிடும். ஒரே வாரத்தில், அதே ஆட்கள், இரு வகை வீடுகளுக்கும் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும், நாம் யோசிக்காத மாறி ஒன்று மிச்சம் இருக்கும். கை கழுவும் பழக்கம், தாயின் படிப்பு, பாட்டி வீட்டில் இருக்கிறாரா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெயர் தெரியாத மாறியையும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக்கித் தர ஒரே ஒரு வழிதான் உண்டு: யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை மருத்துவரோ குடும்பமோ தீர்மானிக்காமல் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போட்டு, தீர்மானிப்பது.

இதற்கு உலகம் படிக்கும் உதாரணம் ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. காசநோயாளியைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு மருந்து கொடுப்பதற்கும், நெரிசலான வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்? மருத்துவர்கள் கையில் விட்டிருந்தால் நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். நோயாளிகள் கையில் விட்டிருந்தால், வேலையை விட்டுப் போகமுடிந்தவர்கள் மட்டும் போயிருப்பார்கள். எப்படியும் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுவேறாக இருந்திருக்கும். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சமவாய்ப்பில் பிரித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பாட்டிலும் ஓய்விலும் பின்தங்கியிருந்தும், குணமான அளவு சானடோரியத்தை நெருங்கி வந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழக்கம் உலகெங்கும் பரவ இந்த ஆய்வு பெரிய காரணம்.

நம் தண்ணீர்க் கேள்விக்கு இதை எப்படிப் பொருத்துவது? சில வீடுகளுக்குக் குளோரின் மாத்திரை, சில வீடுகளுக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கலாம், உத்திரமேரூர்க் குடவோலை போல. 'ஒற்றைப்படைக் கதவெண்ணுக்குக் கொடு, இரட்டைப்படைக்கு விடு' என்பது குலுக்கல் ஆகாது. பல தெருக்களில் ஒற்றை எண் ஒரு சாரி, இரட்டை எண் எதிர்ச்சாரி. கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டிய தெருவில் ஒரு சாரி வீடுகளின் பின்புறம்தான் கால்வாய், மழைக்குத் தண்ணீர் ஏறுவது அந்தச் சாரியில்தான். அதோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் மாத்திரையைப் பகிர்ந்துகொள்வார்கள், பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பார்கள். எனவே தெருவையே ஓர் அலகாக எடுத்து, கால்வாயோரத் தெருக்களைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் குலுக்குங்கள்.

அப்படிச் செய்தால் ஒரு விலை கொடுக்க வேண்டும். ஒரே தெரு வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 20 தெரு, தெருவுக்கு 20 வீடு என்றால் 400 வீடு. தெருவுக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவு (ஒற்றுமையே இல்லை என்றால் 0, அச்சு அசல் என்றால் 1) 0.05 என்று வைத்தால், தெருவின் 20 வீட்டில் ஒன்று போக மிச்சமுள்ள 19ஐ 0.05ஆல் பெருக்கி 1 கூட்ட 1.95 வரும். 400ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 205. அதாவது 400 வீட்டில் கேட்டாலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 205 வீட்டில் கேட்ட பலன்தான். பாதி வீடுகள் கணக்கில் கரைந்துபோயின. தெருவுக்குக் குறைவான வீடு, அதிகத் தெரு என்று போனால் இந்த இழப்பு குறையும்.

மாத்திரையைக் கொடுத்ததோடு நிறுத்தாமல், சொல்லாமல் ஒருநாள் போய்க் குடத்துத் தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்த அளவு அது. மாத்திரை போடாத வீட்டை எதிர்க்குழுவுக்கு மாற்றிவிடாதீர்கள், குலுக்கலில் விழுந்த குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். மாற்றினால், சிரத்தையான தாய்மார்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து பழைய குழப்பம் திரும்பி வரும்.

இலவசமாக மாத்திரை வாங்கிய தாய், வந்து கேட்கிறவரிடம் 'இப்ப பரவால்லம்மா' என்றுதான் சொல்வார், அது மரியாதை. வீட்டுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆய்வுகளில், யார் எந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தவற்றில் பேதி கணிசமாகக் குறைந்ததாக வரும். மறைத்து நடத்தியவற்றில் அந்தப் பலன் பெரும்பாலும் தெரிவதில்லை. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு யாருக்கு ஊசிமருந்து, யாருக்கு வெறும் நீர்மம் என்பது போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற, யாரும் எதிர்பாராத விடை அதில் வந்தது. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தும் விடை மாறவில்லை.

எல்லாவற்றையும் குலுக்க முடியாது. எண்ணூர், மணலி ஆலைகளின் பக்கத்தில் குடியிருக்கச் சொல்லிக் குழந்தைகளைச் சீட்டுப் போட்டு அனுப்ப முடியுமா? அங்கே யார் குடியிருக்கிறார் என்பதை வாடகையும் வேலையும் தீர்மானிக்கின்றன. அதனால் ஆலைக் காற்றால் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு வருகிறதா என்று பார்க்கும்போது வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா, விறகடுப்பா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ஒத்த வாடகை, ஒத்த வயதுள்ள பிள்ளைகளை, ஆலைக் காற்று அடிக்கும் பக்கம், அடிக்காத பக்கம் என்று ஒப்பிடலாம். ஆறு மாதம் கழித்துக் கணினி முன் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்குப் பதில் தேட முடியாது.

புறப்படுவதற்கு முந்தைய நாள், எண் எதுவும் இல்லாத வெற்று அட்டவணை ஒன்றைக் கையால் வரையுங்கள். மேலே தண்ணீர் வகை, பக்கத்தில் கழிப்பறை, நடுவில் பேதி உண்டு, இல்லை. கேனும் லாரியும் இரண்டுமே குடிக்கிற வீட்டுக்குக் கட்டம் இருக்கிறதா? பலருக்கு இங்கேதான் கேள்வித்தாளைத் திருத்த வேண்டிவரும். பிறகு பத்துப் பதினைந்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த வீடுகளின் விடைகளை முதன்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வணக்கம்.