மட்காட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளியில் வீட்டு முற்றத்தில் பைக்கை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். இன்று மட்காட் பற்றித்தான், அதாவது சில்லுக்கு மேலே சேற்றைத் தடுக்கும் மூடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இப்போது நிறையத் தம்பிமார் பின் மட்காட்டைக் கழற்றிவிட்டு, நம்பர் பிளேட்டை சீட்டுக்குக் கீழே ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்த்திகை மழையில் கிண்ணியாப் பக்கம் போனால், டயர் அள்ளுகிற சேறு உங்கள் முதுகிலும் பின்னால் வருகிறவரின் கண்ணிலும்தான் விழும். பின்னால் வருவது ஸ்கூட்டியில் பிள்ளையை ஏற்றி வரும் ஓர் அம்மாவாக இருக்கலாம். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

முன் மட்காட்டுக்கு வேலை இன்னும் அதிகம். அது இல்லாவிட்டால் முன் சில்லைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயில் மணல் ஒட்டி, உள்ளே ஒயிலை அடைத்து வைக்கும் ‘ஒயில் சீல்’ என்ற ரப்பர் வளையத்தை அராவிவிடும். பிறகு ஒயில் கசியும். பல பைக்குகளில் முன் மட்காட்டோடு வரும் இரும்புப் பட்டைதான் இரண்டு ஃபோர்க் கால்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதையும் கழற்றினால் வளைவில் முன்பக்கம் முறுகும்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. இந்த ஓரத்தில் தகரம் உள்ளே மடிந்திருக்கிறது அல்லவா? அந்த மடிப்புக்குள் விரலை விட்டால் ஈரச் சேறு. வெயில் காய்ந்து இவ்வளவு நேரமாகியும் ஈரம் போகவில்லை. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கறள் வேகமாகப் பிடிக்கும். அதனால்தான் மட்காட் உள்ளேயிருந்து வெளியே உக்குகிறது. மேலே சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகரம் போயிருக்கும்.

ஆகவே நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் மட்காட்டின் அடியைக் கழுவுங்கள். கிணறு சவர்த் தண்ணீர் என்றால் அதை ஊற்ற வேண்டாம், குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷால் மடிப்பைச் சுரண்டி எடுங்கள். கறள் கண்டால் உப்புத்தாளால் பளிச்சென்ற தகரம் தெரியும்வரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயின்ட். கறளின் மேலேயே பெயின்ட் அடித்தால் காசுதான் நட்டம்.

பிளாஸ்டிக் மட்காட் கறள் பிடிக்காது. ஆனால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வாஷர் காய்ந்து போனதும், போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும்தான் காரணம். ரப்பர் வாஷர் மலிவுதான், மாற்றிவிடுங்கள். போல்ட் புரியில் கொஞ்சம் கிரீஸ் பூசினால் அடுத்த முறை கழற்றும்போது முறியாது.

எல்லாம் பூட்டிய பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். அகலமான டயர் போட்டவர்கள், பின்னால் ஓர் ஆளை ஏற்றி வைத்தும் பாருங்கள். பாரம் ஏறும்போது இடைவெளி குறையும், உரசுவது அப்போதுதான் தெரியும்.