கோடை உழவும் வேர் உட்பூசணமும்: தரிசாகக் கிடக்கும் மாதங்களில் மண்ணுக்குள் நடப்பது என்ன?

வணக்கம் நண்பர்களே. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுகிறவர்களை மனத்தில் வைத்து இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். இந்த நிலங்களில் தை மாதம் மக்காச்சோள அறுவடை முடிந்தால், புரட்டாசி மழைக்கு விதைக்கும் வரை ஏழெட்டு மாதங்கள் காடு வெறுமையாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் நாம் ஓட்டுகிற உழவும், விதைக்காமல் விடுகிற விதையும் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையை எப்படிப் பாதிக்கின்றன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

வேளாண்மைத் துறையினர் வேர் உட்பூசணம் என்றும், உரக்கடைக்காரர்கள் வேம் (VAM) என்றும் சொல்கிற பூஞ்சை இது. பயிரின் வேருக்குள் புகுந்து குடியிருந்துகொண்டு, வேருக்கு வெளியே மெல்லிய இழைகளை மண்ணில் பரப்பும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் எளிதில் நகராத சத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ள மணிச்சத்தை எடுத்து முடித்துவிட்டால், அதற்கு அப்பால் இருப்பது தானாக வேரைத் தேடி விரைவில் வந்து சேர்வதில்லை. பூஞ்சை இழையோ பல சென்டிமீட்டர் தூரம் போய், வேர்த்தூவி நுழைய முடியாத நுண்துளைகளிலும் புகுந்து, அங்கிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கூலியாகப் பயிர் தன் ஒளிச்சேர்க்கையில் உருவான கரிமத்தில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குக் கொடுக்கிறது. ஸ்காட்லாந்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்த உறவின் தடயம் காணப்படுகிறது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில்கூட இதில் குழப்பம் இருப்பதைக் காண்கிறேன். தொழுவுரம் கொட்டினால் இந்தப் பூஞ்சை அதைத் தின்று பெருகும் என்று பலர் நம்புகிறார்கள். மட்கைத் தின்று வாழும் பூஞ்சைகள் வேறு, இது வேறு. இந்தப் பூஞ்சைக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைக்கூடச் சொந்தமாகத் தயாரிக்கும் திறன் இல்லை என்பதும், அதையும் பயிரிடமிருந்தே பெறுகிறது என்பதும் 2017இல் வெளிவந்த ஆய்வுகளால் உறுதியாயின. ஆகவே உயிருள்ள வேர் இல்லாத மண்ணில் அதனால் வளர முடியாது. காத்திருக்க மட்டுமே முடியும்.

காத்திருப்பதற்கு அதற்கு மூன்று வழிகள் உண்டு. வித்துகளாகக் கிடக்கலாம், பழைய பயிரின் செத்த வேர்த்துண்டுகளுக்குள் தங்கியிருக்கலாம், அல்லது மண்ணில் பின்னிய இழைவலையாகவே உலர்ந்து கிடக்கலாம். மூன்றிலும் விரைவாக வேலைக்கு வருவது இழைவலைதான். முளைத்த நாற்றின் வேர் அந்த வலையைத் தொட்டவுடன் இணைப்புக் கிடைத்துவிடும். வித்து முளைத்து, வேரைத் தேடிப் பிடித்து, புதிதாக வலை பின்னுவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். மக்காச்சோளத்துக்கு மணிச்சத்து மிக அவசரமாகத் தேவைப்படும் முதல் சில வாரங்கள் அதற்குள் பாதி போய்விடும்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 1980களில் தொடங்கி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நிலத்திலிருந்து மண்ணைக் கலைக்காமல் உருளையாக வெட்டி எடுத்து ஒரு பகுதியில் மக்காச்சோளம் விதைத்தார்கள். அதே மண்ணை உடைத்துக் கலைத்து மற்றொரு பகுதியில் விதைத்தார்கள். கலைக்காத மண்ணில் வளர்ந்த இளம்பயிர் அதிக மணிச்சத்தை எடுத்திருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே மண், ஒரே அளவு சத்து. அறுந்துபோனது வலை மட்டும்தான். ஆனால் தொடக்கத்தில் கிடைத்த அந்த அனுகூலம் ஒவ்வொரு முறையும் கதிர் மகசூலாக மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணிச்சத்து தாராளமாக இருக்கும் நிலத்தில் பயிர் பின்னர் ஈடுகட்டிக்கொள்ளும். உழாமல் விட்டாலே விளைச்சல் கூடிவிடும் என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால், அவரை நம்ப வேண்டாம்.

நம் ஊருக்கு இதைவிட நெருக்கமான சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்து டார்லிங் டவுன்ஸ் பகுதி, நம் கரிசலைப் போலவே ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கறுப்புக் களிமண் நிலம். மழைநீரை மண்ணில் சேமிப்பதற்காக அங்குள்ள உழவர்கள் சில நேரங்களில் ஓராண்டுக்கும் மேலாக நிலத்தைக் களையின்றித் தரிசாக வைத்திருப்பார்கள். அப்படிச் சேமித்த நிலத்தில் ஈரம் இருந்தது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) கூடியிருந்தது, ஆனாலும் அடுத்து விதைத்த பயிர் குன்றி நின்று மணிச்சத்து, துத்தநாகக் குறைபாட்டைக் காட்டியது. காரணம் பல காலம் புரியாமல் இருந்தது. தரிசு நீள நீள வேர் உட்பூசணம் குறைந்துபோவதே அதற்குக் காரணம் என்பதை தாம்சன் என்ற ஆய்வாளர் 1987இல் விளக்கினார். கோதுமை, பார்லி போன்ற பயிர்கள் ஓரளவு தாங்கிக்கொண்டன. பூஞ்சையை அதிகம் நம்பியிருக்கும் ஆளிவிதை, கொண்டைக்கடலை, சூரியகாந்தி, மக்காச்சோளம் போன்றவை அதிகம் அடிபட்டன. அமெரிக்காவிலும் 1993ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தால் விதைக்க முடியாமல் போன வயல்களில், 1994இல் விதைத்த மக்காச்சோள நாற்றுகள் மணிச்சத்துக் குறைபாட்டின் அறிகுறியாக ஊதா நிறம் பாய்ந்து நின்றன. அதனால்தான் 2019இல் மழை மிகுந்து அங்கே ஏறத்தாழ 2 கோடி ஏக்கர் விதைக்கப்படாமல் போனபோது, வெறும் நிலமாக விடாமல் எதையாவது மூடுபயிராக, அதாவது அறுவடைக்காக இல்லாமல் நிலத்தை மூடி வைப்பதற்காக, தூவுங்கள் என்று அங்குள்ள விரிவாக்கப் பணியாளர்கள் உழவர்களை வலியுறுத்தினார்கள்.

மூடுபயிரும் உழவும் இந்தப் பூஞ்சையை எவ்வளவு மாற்றுகின்றன என்பதைப் பற்றி ஐந்து கண்டங்களில் நடந்த 54 வயல் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. மூடுபயிர் வளர்த்தாலும் சரி, உழவின் கடுமையைக் குறைத்தாலும் சரி, அடுத்த பயிரின் வேரில் பூஞ்சை குடியேறும் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டில் ஏதேனும் ஒன்றைச் செய்தாலும் பலன் உண்டு என்பதுதான். உழவை நிறுத்த முடியாதவர் மூடுபயிர் விதைக்கலாம். தண்ணீர் இல்லாமல் மூடுபயிர் விதைக்க முடியாதவர் உழவைக் குறைக்கலாம்.

இனி நம் கோடை உழவுக்கு வருவோம். சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கோடை மழை மண்ணில் இறங்குவதற்கும், கோரை, அருகு ஆகியவற்றின் கிழங்கும் வேரும் வெயிலில் காய்வதற்கும், கூட்டுப்புழுக்கள் மேலே வந்து பறவைக்கு இரையாவதற்கும் அந்த உழவு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. 2018இல் மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு வந்த பிறகு அதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது. எனினும் மேற்கு ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை ஒன்று நம்மை யோசிக்க வைக்கிறது. அங்கும் கோடை நீண்டது, மண் முற்றிலும் காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்த மண்ணிலும் பூஞ்சை இழைகள் அடுத்த மழை வரை வீரியத்துடன் இருந்தன, ஆனால் மண்ணைக் கலைத்த இடத்தில் அந்த வீரியம் போய்விட்டது என்று 1989இல் வெளியிட்டார்கள். வெயில் கொல்லாததைக் கலப்பை அறுத்துவிடுகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

ஆகையால் கோடை உழவை நான் கைவிடச் சொல்லவில்லை; அதன் ஆழத்தையும் கருவியையும் எண்ணிக்கையையும் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்கிறேன். படைப்புழுவின் கூட்டுப்புழு பெரும்பாலும் 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒருமுறை மேலாக ஓட்டினால் போதும் என்பது என் கருத்து. சட்டிக் கலப்பையைப் போட்டு ஓரடி மண்ணைத் தலைகீழாகப் புரட்ட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அடிமண் இறுகியிருந்தால், மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் கீறிவிடும் பழைய பரிந்துரையே போதுமானது, ஏனென்றால் அது மண்ணைப் புரட்டாமல் கோடு கிழிப்பதால் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள மண் ஓரளவு கலையாமல் நிற்கிறது. நான் கடுமையாக எதிர்ப்பது ரோட்டவேட்டரை. டிராக்டர் வாடகைக்கு வருகிறவர் இரண்டு சால் கொத்துக் கலப்பையும் ஒரு சால் ரோட்டவேட்டரும் என்று ஒரு கணக்கே வைத்திருக்கிறார். மண் மாவாகப் பொடிந்தால் பார்க்க அழகாக இருக்கும், விதைப்புக் கருவியும் தடையின்றி ஓடும். ஆனால் பூஞ்சை இழைகள் அதிகமாக இருக்கிற மேல்மண்ணைத்தான் அந்தக் கத்திகள் சுழன்று துண்டாக்குகின்றன.

அடுத்தது மூடுபயிர். எல்லாப் பயிரும் இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதில்லை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பமும், தண்டுக்கீரை, பீட்ரூட் வகைகளும் பொதுவாக அதை வேரில் சேர்ப்பதில்லை. அவற்றைத் தனியாக விதைத்தால், பூஞ்சையைப் பொறுத்தவரை அந்த நிலம் தரிசுதான். பலதானிய விதைப்பில் கொஞ்சம் கடுகு கலந்திருப்பதால் கேடில்லை, கூடவே கம்பும் சோளமும் பயறு வகைகளும் இருக்கின்றனவே. சணப்பை, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி, கொள்ளு, நரிப்பயறு ஆகிய அனைத்தும் பூஞ்சையை ஏற்பவை.

மானாவாரியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாசியிலும் பங்குனியிலும் எதையும் விதைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை வரிசை போட்டிருந்தால், மக்காச்சோளம் அறுத்த பின்னும் துவரையின் வேர் இன்னும் சில வாரங்கள் மண்ணில் உயிரோடு இருக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு நல்ல கோடை மழை கிடைத்தால், உழுத கையோடு சணப்பையோ கொள்ளோ தூவி விடலாம். நாற்பது, ஐம்பது நாட்கள் நின்றாலே அதன் வேரில் பூஞ்சை பெருகிவிடும். கொழுஞ்சிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: விதைத்தோல் கடினமாக இருப்பதால் மணலோடு தேய்த்து விதைக்க வேண்டுமே தவிர, ஒருமுறை வேரூன்றிவிட்டால் வறட்சியைத் தாங்கும், ஆடுமாடும் அதை மேயாது. வேலியில்லாத நம் காடுகளுக்கு இது சிறிய விஷயமில்லை. மூடுபயிரை மடக்கும்போதும் ஆழமாகப் புரட்டாமல் மேலாகவே மடக்க வேண்டும். பசுந்தாள் உரத்தை ரோட்டவேட்டரால் அரைத்துவிட்டுப் பூஞ்சையை வளர்த்தேன் என்று சொல்வதில் பொருளில்லை.

காவிரிப் பாசனத்தில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்தைத் தூவும் வழக்கம் இதே வேலையைச் செய்கிறது. சேற்றுழவும் தேங்கிய நீரும் பூஞ்சையை ஒடுக்கிய நிலத்தில், உழவில்லாமல் முளைக்கிற உளுந்தின் வேர் அதற்கு மறுபடி இடம் கொடுக்கிறது. அறுவடை இயந்திரத்தின் தடம் முளைத்த உளுந்தை நசுக்குவதால், பல இடங்களில் இப்போது அறுத்த பிறகு உழுது விதைக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

உரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிச்சத்து மண்ணில் மிகுந்திருந்தால் பயிர் பூஞ்சைக்குக் கொடுக்கும் இடத்தைக் குறைத்துக்கொள்கிறது. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து அதிகம் என்று எழுதியிருக்கும்போதும் வழக்கம்போல மூட்டை மூட்டையாக டி.ஏ.பி. என்ற மணிச்சத்து மிகுந்த உரத்தைப் போடுவது பணத்துக்கும் கேடு, பூஞ்சைக்கும் கேடு. பூஞ்சை மண்துகளை ஒட்டவைக்கும் குளோமாலின் என்ற பசையைச் சுரக்கிறது என்று பல காணொளிகளில் கேட்டிருப்பீர்கள். அது 1996இல் விவரிக்கப்பட்ட பொருள். ஆனால் அது உண்மையில் என்ன வேதிப்பொருள், முழுவதும் இந்தப் பூஞ்சையிலிருந்தே வருகிறதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இழைகள் மண்கட்டிகளைப் பிணைக்கின்றன என்பதில் மட்டும் ஐயமில்லை.

வேம் பொட்டலம் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. நாற்றங்காலில், குறிப்பாக மிளகாய், வெங்காயம், பழக்கன்று போன்றவற்றுக்கு, அதை இடுவதில் பொருள் உண்டு. ஏக்கர் கணக்கான மானாவாரிக் காட்டில், நம் மண்ணிலேயே இருக்கிற பூஞ்சைக்கு வேரைக் கொடுக்காமல் வெளியிலிருந்து பூஞ்சையைக் கொண்டுவந்து தூவுவதைவிட, அதே பணத்துக்குச் சணப்பை விதை வாங்குவது மேல்.

உங்கள் நிலத்தில் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அறிய விரும்பினால், இந்த ஆண்டு கோடை மழைக்குக் காட்டின் ஒரு துண்டில் மட்டும் மூடுபயிர் போட்டு, பக்கத்துத் துண்டை வழக்கம்போல விடுங்கள். புரட்டாசியில் இரண்டிலும் ஒரே ரக மக்காச்சோளத்தை ஒரே நாளில் விதையுங்கள். சில ரகங்களுக்கு இயல்பாகவே இலையோரம் சிவக்கும் என்பதால் ரகம் மாறக் கூடாது. இருபது, இருபத்தைந்து நாள் நாற்றில் இலையோரம் ஊதா நிறமாகிறதா, பயிரின் உயரம் வேறுபடுகிறதா என்று பாருங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ நுண்ணோக்கி வசதி உள்ளவர்கள், வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து நிறம் நீக்கி, வினிகரில் கலந்த பேனா மையால் சாயமேற்றினால் உள்ளே இருக்கும் பூஞ்சையையே பார்க்கலாம். 1998இல் வெளியான எளிய முறை அது. முடிவு எப்படியிருந்தாலும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை என்றாலும் உங்கள் மண்ணின் மணிச்சத்து அளவோடு சேர்த்து எழுதுங்கள்.