இங்கிலாந்து ரயிலில் டிக்கெட் சிக்கல்: கடிதம் வந்தா என்ன செய்யணும்?

[திரையில்: கே.எல். சென்ட்ரல், எல்.ஆர்.டி. தடுப்புக் கதவு]

இங்க கோலாலம்பூர்ல கார்டோ டோக்கனோ இல்லாம எல்.ஆர்.டி. நகர ரயிலுக்குள்ள போகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது. இங்கிலாந்துல பல சின்ன ஸ்டேஷன்கள்ல தடுப்பே கிடையாது. நேரா பிளாட்பாரத்துக்குப் போய் ஏறிடலாம். கையில இருக்கிற டிக்கெட் செல்லுமான்னு பார்க்கிறது பயணியோட பொறுப்பு. அங்க படிக்கப் போற நம்ம பிள்ளைங்க தடுமாறுறது இதுலதான்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் மாட்டலாம். 16–25 ரயில்கார்டுன்னு இளைஞர்களுக்கான சலுகை அட்டை ஒண்ணு இருக்கு, அதுக்கு டிக்கெட்ல மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. ஆனா திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4.30லிருந்து 10 மணிக்குள்ள குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. ஜூலை, ஆகஸ்ட்ல மட்டும் இது இல்ல. 6 பவுண்டு ‘எனிடைம்’ (எந்த நேரத்துலயும் போகலாம்ங்கிற) டிக்கெட்டைக் கழிவு போட்டு அந்த 12 பவுண்டுக்குக் குறைவா வாங்கி, அக்டோபர்ல காலை 8 மணி ரயில்ல ஏறினா அது செல்லாது. ரயில்கார்டு காலாவதியாகி இருந்தாலும், இ-டிக்கெட் உள்ள போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு போனாலும் இதே கதைதான்.

பரிசோதகர் பிடிச்சா உண்மையான பேர், முகவரி கொடுங்க. பொய்ப் பேர் கொடுத்தா அது தனிக் குற்றம். அவர் எழுதிக்கிற உங்க பதில் நாளைக்குச் சாட்சியமா வரும். அதனால சுருக்கமா, நடந்ததை மட்டும் சொல்லுங்க.

[திரையில்: இரண்டு தாள்கள், அருகருகே]

உங்க கையில கொடுத்தது எந்தத் தாள்? ‘பெனால்டி ஃபேர்’னா, அதாவது அபராதக் கட்டணம்னா, அது தண்டனைத் தீர்ப்பு இல்ல. இங்கிலாந்துல 100 பவுண்டு, கூடவே ஒரு வழிக் கட்டணம். 21 நாளுக்குள்ள கட்டினா 100 பாதியாகும். மேல்முறையீடும் அதே 21 நாளுக்குள்ளதான். போலிஸ் சம்மனுக்குக் கழிவு அறிவிக்கட்டும்னு காத்திருந்த நம்ம ஊர்ப் பழைய பழக்கம் அங்க வேலைக்கு ஆகாது. தாமதிச்சா தொகை ஏறும்.

பரிசோதகர் விவரம் மட்டும் எழுதிக்கிட்டுப் போனாரா? அதுதான் சிக்கலான வழி. வழக்குப் போட நினைக்கிறோம், உங்க விளக்கம் என்னன்னு கேட்டு ரயில் நிறுவனத்துல இருந்து கடிதம் வரும். வழக்கு ரெண்டு சட்டத்துல வரலாம். ரயில்வே துணைவிதி 18ல உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையே இல்ல. செல்லுற டிக்கெட் இல்லைன்னா போதும். 1889ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 5(3)ல ஏமாத்துற எண்ணத்தை நிரூபிக்கணும். ரெண்டுலயும் 1,000 பவுண்டு வரை அபராதம். இரண்டாவதுல 3 மாதம் வரை சிறையும் போடலாம்.

பதில் ஒரு பக்கம் போதும். குறிப்பு எண், நடந்தது, ரயில்கார்டு வாங்கின ரசீது, வருத்தம், கட்டணத்தையும் அவங்க செலவையும் கட்டத் தயார், நீதிமன்றத்துக்கு வெளியே முடிச்சுக்கலாமான்னு ஒரு கேள்வி. ஒத்துக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. ‘எல்லா மாணவரும் இப்படித்தான் போறாங்க’ன்னு எழுதிடாதீங்க. பொய்யும் வேண்டாம்: செயலியில வாங்கின பழைய டிக்கெட் வரலாற்றை அவங்க எடுத்துப் பார்க்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கோடை விடுமுறைக்குப் பிள்ளை இங்க வந்துடும். கடிதம் அங்க விடுதிக்கே போகும். ‘சிங்கிள் ஜஸ்டிஸ்’ (ஒரே நீதிபதி தாள்களை மட்டும் பார்த்து முடிவு செய்யும் முறை) நோட்டீஸ் வந்து 21 நாள்ல பதில் இல்லைன்னா, ஆள் இல்லாமலே தீர்ப்பு வரலாம். அப்படி நடந்தது பிறகுதான் தெரிஞ்சா, தெரிஞ்ச நாள்லருந்து 21 நாளுக்குள்ள சட்டப்பூர்வ உறுதிமொழி கொடுத்து வழக்கை மறுபடி திறக்கலாம். நோட்டீஸ்ல எந்தச் சட்டம் போட்டிருக்குன்னும் பாருங்க. 1889 சட்ட வழக்கை இந்த முறையில நடத்தக் கூடாது. 2024 ஆகஸ்ட்ல அப்படி வந்த சுமார் 74,000 வழக்குகள் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு.

அபராதத் தண்டனை அங்க ஒரு வருஷத்துல காலாவதியாகும், அதாவது பிறகு பொதுவா அதைச் சொல்ல வேண்டியதில்ல. ஆனா விசாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. விண்ணப்பத்துல கேட்டா சொல்லியே ஆகணும், மறைச்சா இன்னும் மோசம். நீதிமன்றத்துக்கு வெளியே முடிச்சுக்கிட்டது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடியே, வழக்கு முடிஞ்சதுன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. அந்தக் கடிதத்தையும் கட்டின ரசீதையும் பத்திரமா வைங்க.